கால் இஞ்சு வெள்ளை

மகுடேஸ்வரிக்கு அநியாயம் செய்தவள் நான். அவள் என் அக்கா. இந்த ஐம்பது நாளாக யார் யார் அவளுக்கு என்னென்ன செய்தார்கள் என்று பட்டியல் போட்டு ஊரோடு சண்டை பிடித்தவளும் நான்தான், ஆகவே என் பெயரையும் நானே அதில் சேர்ப்பதுதான் நியாயம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதன் போர்வைக்காக அவள் தைத்த ஒன்பது துணி நட்சத்திரங்களின் ஓரத்தை, முனைகள் காணாமல் போகும்படி, நான் பிளேடால் நறுக்கினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு "முனை எங்கடி?" என்று அவள் கேட்டபோது, "நீ தெச்சதே அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதினோரு நாளாகிறது. அம்மாவிடம் "தண்ணி" என்கிறாள், "ஃபேனைக் குறை" என்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மணி இரண்டே கால். ஐந்தரைக்குத் திருச்சி பஸ், நாளைக்கு எனக்குப் பரீட்சை, அதற்குள் ஒரே ஒரு நட்சத்திரத்தை எட்டு முனையும் குத்துகிற மாதிரி தைத்துக் காட்டிவிட வேண்டும். காட்டி? காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி? அந்த ஒன்பதையும் பிரித்து, துண்டுகளை எல்லாம் ஒரு அளவு சின்னதாக வெட்டி, இதே போல மறுபடி தைத்துத் தருகிறேன் என்று கேட்க வேண்டும். அவள் சரி என்று சொன்னால் பரீட்சை முடிந்த அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். சொல்லாவிட்டால்? அந்த இடத்தில் மனசு சிக்கிக்கொண்டு நிற்கிறது, ஊசியில் நூல் முடிச்சு விழுந்த மாதிரி, இழுத்தால் துணிதான் சுருங்குகிறது. துணியைப் பார். துணியை மட்டும் பார். மஞ்சள், அவள் ஏழாம் மாசம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்த நைட்டி. வெள்ளை, அப்பாவின் பழைய வேட்டி. நீலம், அவள் வீட்டுக்காரரான மாமாவின் லுங்கி. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழசுதான் போட வேண்டும் என்பதால் வீட்டிலிருந்த பழசிலெல்லாம் ஒவ்வொரு துண்டு கிழித்து வைத்திருந்தாள். அதுவும் யாருக்கும் தெரியாமல். பிள்ளை வருவதற்கு முன்னாலேயே பிள்ளைக்கென்று எதையும் சேர்த்து வைக்கக் கூடாதாம். ஒளித்து ஒளித்துத் தைத்து, ரெக்சின் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள். அந்தப் பையை அவள் மாமியார் எப்படியோ பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், "முன்னாடியே தெச்சு வெச்சா இப்படித்தான் ஆவும்" என்றார். அப்போது நான் எப்படிப் பாய்ந்தேன்! "என்னங்கத்தை சொல்றீங்க, துணி தெச்சா உள்ள இருக்கற குழந்தைக்கு மூச்சு நிக்குமா, சொல்லுங்க, எப்படி நிக்கும், ஒரு காரணம் சொல்லுங்க" என்று கேட்டேன். கேட்க வேண்டியதுதான், இப்போதும் கேட்பேன். ஆனால் அந்த நேரத்தில் அக்கா உள்ளே படுத்திருந்தாள், கதவு திறந்திருந்தது, நான் போட்ட சத்தத்தில்தான் அந்த வாக்கியம் அவள் காதுவரை போய்ச் சேர்ந்தது என்பதை யோசித்தேனா? இல்லை. ஜெயித்தேன். அத்தை வாயை மூடிக்கொண்டார்.

பெரிய வெள்ளை முக்கோணத்துக்கு இரண்டு பக்கமும் சின்ன மஞ்சள் முக்கோணம். இப்படி நாலு தைக்க வேண்டும். நடுவில் நீலச் சதுரம், நாலு மூலையில் நாலு வெள்ளைச் சதுரம், சேர்த்தால் எட்டு மஞ்சள் முனையோடு ஒரு நட்சத்திரம். சொல்லும்போது என்ன சுலபம். அக்கா வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில் இந்தப் போர்வைக்குக் குவில்ட் என்று பெயர், அவள் அங்கே சாம்பிள் தைக்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பதினோரு நாளில் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து மூன்று நட்சத்திரத்தைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டதுதான். அவள் தைத்ததன் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, புத்தகம் படிக்கிற மாதிரி, எந்தத் தையல் முதலில், எந்த மடிப்பு எந்தப் பக்கம் என்று படித்துப் படித்துப் பார்த்தேன். தையலுக்கு விட வேண்டியது கால் இஞ்சு. கால் இஞ்சு என்றால் கால் இஞ்சு இல்லை, முதல் நட்சத்திரம் அதில்தான் போனது. நான் ஸ்கேல் வைத்து அளந்து சரியாகக் கால் இஞ்சில் தைத்தேன், எல்லாம் சின்னதாகப் போய் முனைகள் ஒன்றோடொன்று முட்டின. ஒவ்வொரு மடிப்பும் திரும்பும்போது ஒரு நூல் அளவு துணியைத் தின்றுவிடுகிறது. அதனால் கால் இஞ்சுக்கு ஒரு நூல் கம்மியாகத் தைக்க வேண்டும். அந்த ஒரு நூல் யாருடைய கணக்கிலும் வராது, ஆனால் அது இல்லாவிட்டால் எதுவும் பொருந்தாது. அக்கா ஒரு தடவை, நான் கல்லூரியில் ஜெயித்த பேச்சுப்போட்டிக் கோப்பையோடு வீட்டுக்கு வந்து நின்ற அன்றைக்கு, சிரித்துக்கொண்டே சொன்னாள், "நீ பேசும்போது ஓரத்துல கொஞ்சம் துணி விடு அம்மிணி, எதிர்ல இருக்கறவங்க எங்க தைப்பாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டு, பெண்கள் எப்போதும் இடம் விட்டுத்தான் பேச வேண்டுமா என்று அதற்கும் பத்து நிமிஷம் வாதம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீயே ஜெயிச்சே, இட்லி ஊத்தட்டுமா?" என்றாள். அம்மிணி. அம்மிணி என்று என்னைக் கூப்பிட உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அம்மாவுக்கு நான் அமரா, கோபம் வந்தால் அமராவதி. டக டக டக டக. மோட்டாரை மெதுவாக மிதி. முக்கோணத்தின் சாய்வான ஓரம் குறுக்கு வெட்டு, ரப்பர் மாதிரி இழுபடும், கையால் இழுக்கக் கூடாது, ஊசிக்கு அடியில் இருக்கிற பல் தானாக நகர்த்தட்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கவும் கூடாது, வைத்து எடுக்க வேண்டும், வைத்து எடுக்க வேண்டும், சுடுகிற நெற்றியில் ஈரத்துணியை வைத்து எடுக்கிற மாதிரி. பிரசவம் ஆன சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிப் போயிருந்தது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நான் துணியை நனைத்து நனைத்து வைத்தேன். அப்போது அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள், "எதுல சுத்தினாங்க?" எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பச்சைத் துணி, ஓரம் பிசிறிப்போய், அதில் பிள்ளையைச் சுற்றி மாமா கையில் கொடுத்தார்கள், அவரும் பெரியப்பாவும் வண்டியில் ஏறிப் போனார்கள், தாய்க்குக் காட்ட வேண்டாம், காட்டினால் மனசு விட்டுப்போகும் என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அவளுடைய மனசைப் பற்றி அவளைத் தவிர எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். அதற்கும் நான் சண்டை பிடித்தேன், பிறகு, நாலு நாள் கழித்து. அவள் கேட்ட அந்த நிமிஷத்தில் மட்டும், "தெரியலக்கா" என்றேன்.

"ஏண்டி, அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்தேன், அவ தூங்கட்டும்." அம்மா பின்கட்டிலிருந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "அவ தூங்கலம்மா." "தெரியும். இருந்தாலும் நிறுத்து." நிறுத்தினேன். அக்கா படுத்திருக்கிற திரைக்கு அந்தப் பக்கம் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கட்டில் ஒரு தடவை முனகியது. அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது எதுக்கு இப்ப?" "அவகிட்ட பேசணும்." "பேசறதுன்னா வாயால பேசு. நீதான் பெரிய பேச்சாளியாச்சே." அம்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "வாயால பேசித்தாம்மா இப்படி ஆச்சு" என்றேன். அவள் மிஷின் பலகையில் ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டு, துணிமேல் சிந்தாத தூரத்தில் வைத்துவிட்டு, போனாள். அம்மாவுக்குத் தெரியுமா? குப்பைக்கூடையைக் கொட்டுகிறவள் அவள்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே நான் பொறுக்கி எடுத்துவிட்டேன். முப்பத்தாறு கீற்றுகள். ஒவ்வொன்றும் கால் இஞ்சு அகலம், முழு வெள்ளை. ஹால் டிக்கெட் போட்டு வைத்த கவரில் வைத்திருக்கிறேன், நாளைக்குப் பரீட்சை ஹாலில் எடுக்கும்போது கூடவே வந்து விழும். அந்த மத்தியானத்தை எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் கை ஒரே மாதிரிதான் போகிறது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், மாத்திரைத் தூக்கம். கட்டிலுக்கடியில் துடைப்பம் விட்டபோது ரெக்சின் பை தட்டுப்பட்டது. பிரித்தால் ஒன்பது நட்சத்திரம். எனக்கு அழுகை வரவில்லை, அதைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷம் வந்தது. செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷம். நாற்பது நாளாக எல்லோரும் மறந்துவிடு மறந்துவிடு என்கிறார்களே, மறக்கக் கூடாது, முடிக்க வேண்டும், துக்கத்துக்கும் ஒரு முடிப்பு வேண்டும் என்று எனக்குள்ளேயே ஒரு மேடை போட்டுப் பேசிக்கொண்டே ஒன்பதையும் தரையில் பரப்பினேன். முனைகளுக்கு வெளியே சுற்றிலும் ஒரு வெள்ளை ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் என்று நினைத்தேன். வெட்டாமல் விட்டுவிட்டாள் பாவம், முடியவில்லை போல, என்று நினைத்தேன். சுவரை வெள்ளையடிக்கிறவன் சிந்தியதைத் துடைக்கிற மாதிரி, ஸ்கேலை முனைக்கு நேராக வைத்து, பிளேடால் ஒரே இழுப்பு. எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஒவ்வொரு முனையும் துணியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, நான் வெட்டியதால்தான் அழகாகிவிட்டது போல. பிறகு ஒன்றோடொன்று வைத்துத் தைத்து, சுற்றிலும் பட்டியும் வைத்தேன். அந்த வெள்ளை ஓரம் தையலுக்காக விட்டது. அது தையலுக்குள் போய் மறைந்தால்தான் முனை வெளியே நிற்கும். அது இல்லாததால் முனைகள் உள்ளே போய்விட்டன. எழுபத்திரண்டு முனை. துணியின் அடியில், மடிப்புக்குள், ஒன்றுகூட மிச்சமில்லாமல். நட்சத்திரங்கள் எல்லாம் கால் நறுக்கிய பூச்சி மாதிரி மொட்டை மொட்டையாக நின்றன, நான் இது இப்படித்தான் டிசைன் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய் அவள் காலில் போர்த்தினேன். அவள் கண் விழித்தாள். விரலால் ஒரு சேர்ப்பைத் தொட்டாள். அடுத்ததை. அடுத்ததை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுமே, அந்த மாதிரி. முனை எங்கடி? அந்த ஒரு கேள்விக்கு உலகத்தில் எத்தனை பதில் இருக்கிறது? தெரியலக்கா என்றிருக்கலாம். அதை ஏற்கெனவே ஒரு தடவை பொய்யாகச் சொல்லிக் காலி செய்துவிட்டேன். ஐயோ என்றிருக்கலாம். என் வாயில் வந்தது வாதம். நீ தெச்சதே அப்படித்தான் இருந்துச்சு. அதோடு விட்டேனா? "வயித்துல வெச்சுக்கிட்டு அவசர அவசரமா தெச்சிருப்பே, அளவு தப்பியிருக்கும்." சாம்பிள் ரூமில் ஏழு வருஷம் இருந்தவளிடம் அளவு தப்பியிருக்கும் என்றேன். அவள் உடம்பு எதையோ தப்பாகச் செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், இல்லை இல்லை என்று ஊரோடு கத்திய நானே, உன் கையும் தப்பு செய்தது என்றேன். அத்தை சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்? சொல், ஒரு காரணம் சொல். உன் எதிரில் யாருமில்லை, நீயே சொல்.

அம்மா போய்விட்டாள். மறுபடி மிதிக்கிறேன், மெதுவாக. மணி மூன்றரை. வெள்ளைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் வைத்த நாலு இறக்கையும் தயார், இப்போது நடுச் சதுரத்தோடு சேர்க்க வேண்டும், இங்கேதான் இரண்டாவது நட்சத்திரம் போனது. வெள்ளை முக்கோணத்தின் உச்சி நீலச் சதுரத்தின் ஓரத்தை நட்ட நடுவில் தொட வேண்டும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு தையல்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு பெருக்கல் குறி மாதிரி தெரியும். அந்தக் குறியின் நடுப்புள்ளிதான் உச்சி. அதற்குக் கீழே தைத்தால் உச்சி வெட்டுப்படும், ரொம்ப மேலே தைத்தால் உச்சிக்கும் சதுரத்துக்கும் நடுவே சந்து விழும். புள்ளியை ஒட்டி, ஒரே ஒரு நூல் மேலே, வெளியோரப் பக்கமாக. ஆகவே பெருக்கல் குறி மேலே தெரிகிற பக்கத்தை வைத்துத்தான் தைக்க வேண்டும், கண்ணால் பார்த்துக்கொண்டே அதற்குள் ஊசியை விட வேண்டும். குண்டூசி குத்தி நிறுத்திக்கொள்கிறேன். மடிப்பு ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும், விரலில் உணரலாம், க்ளுக் என்று உட்காரும். உட்கார்ந்தது. கை அந்தப் புள்ளியிலேயே நிற்கிறது. ஸ்கேனில் அந்த டாக்டரம்மாவின் கையும் இப்படித்தான் ஒரே இடத்தில் நின்றது. வயிற்றின் மேல், ஒரே புள்ளியில், நகராமல். மறுபடி கொஞ்சம் ஜெல் ஊற்றினார். மறுபடி அதே புள்ளி. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள், "தூங்கறா போல" என்றாள். திரையில் எல்லாம் இருந்தது, தலை இருந்தது, முதுகெலும்பு முத்து கோத்த மாதிரி இருந்தது, கை மடங்கி இருந்தது. துடிக்க வேண்டிய இடம் மட்டும் சும்மா இருந்தது. முப்பத்து நாலு வாரம். எல்லா அளவும் சரியாக இருந்தது என்றார் அவர். எல்லா அளவும் சரியாக இருந்து எங்கே தப்பியது என்று நான் கேட்டதற்கு, "சில நேரம் காரணம் தெரியறதில்லைம்மா" என்றார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது பத்தவில்லை. காரணம் தெரியாமல் எப்படி ஒன்று நடக்கும்? காரணம் இல்லாத இடத்தில் நான் எங்கே நின்று வாதாடுவது? இப்போது புரிகிறது, அதனால்தான் நான் ஆள் தேடிக்கொண்டு அலைந்தேன். அத்தை, பெரியப்பா, வேலைக்கு மறுபடி எப்போது வருவாள் என்று மூன்றாம் நாளே போனில் கேட்ட சூப்பர்வைசர், இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்ற பக்கத்து வீட்டுக்காரி. ஆளுக்கொரு குற்றம் கொடுத்து ஒவ்வொருவரையும் நிற்கவைத்தேன். அக்காவின் பக்கத்தில் மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது என்று பயம்.

நாலு பத்து. தைத்தாகிவிட்டது. ஓரத்தை வெட்டவில்லை, கால் இஞ்சு வெள்ளை சுற்றிலும் நிற்கிறது. இனிமேல்தான் தெரியும். நாலு பக்கமும் வேட்டித் துணியில் பட்டி வைத்துத் தைத்தால்தான் முனை நிற்கிறதா விழுகிறதா என்று தெரியும். ஒரு பக்கம். டக டக டக. திருப்பி மடித்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்து. இரண்டு முனை, கூராக, பட்டியைத் தொட்டும் தொடாமலும். மூச்சை விட்டேன். இரண்டாவது பக்கம். நாலு. மூன்றாவது பக்கத்தில் ஒன்று மழுங்கியது. ஒரு நூல், ஒரே ஒரு நூல் உள்ளே போய்விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குரல் உடனே வந்தது, என் குரல்தான், நல்ல தமிழில், சான்றுகளோடு. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பிளேடை எடுத்து அந்தப் பக்கத் தையலை மட்டும் ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பிரித்தேன். பிரிக்கும்போது சின்னச் சின்ன நூல் துண்டுகள் மடியில் விழுந்தன, எறும்பு மாதிரி. ஊதிவிட்டேன். மறுபடி குண்டூசி, மறுபடி தையல். ஆறு. எட்டு. எட்டும் நிற்கிறது. தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஒன்றும் படவில்லை, கண்ணுக்குத்தான் குத்துகிறது. இதற்கு இவ்வளவு நேரம் என்றால் ஒன்பதுக்கு ஒன்பது நாள், வீட்டுக்கு வந்து தைத்தால் முடியும், ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக வெட்டி, அவளுடையதை எல்லாம் எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டு... இந்த இடத்தில் ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. நேரமில்லை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

திரையை விலக்கினேன். அக்கா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். பின்கழுத்தில் வியர்வை, சிக்கு விழுந்த முடி. முன்னுரை எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாவற்றையும் விட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அக்கா. நான்தான் வெட்டினேன். ஓரத்துல நீ விட்டிருந்த வெள்ளையை நான்தான் வெட்டினேன். நீ சரியாத்தான் தெச்சிருந்தே. ஒன்பதும் சரியா இருந்துச்சு." இன்னொன்றையும் சொன்னேன். "ஆஸ்பத்திரியில எதுல சுத்தினாங்கன்னு கேட்டியே, பச்சைத் துணிக்கா. நான் பார்த்தேன். தெரியும். சொல்லல." அவள் முதுகு ஒரு தடவை பெரிதாக ஏறி இறங்கியது. நான் அந்தப் புது நட்சத்திரத்தை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதைப் பாரு. எட்டு முனையும் எண்ணிப் பாரு. அந்த ஒன்பதையும் பிரிச்சு இதே மாதிரி தெச்சுத் தந்துடறேன், ஒரு அளவு சின்னதா வரும், அவ்வளவுதான். பிரிக்கட்டுமா அக்கா?" அவள் மெதுவாகத் திரும்பினாள். முகம் தலையணைக் கோடு பதிந்து வீங்கியிருந்தது. துணியை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், பிரித்துத் தைத்த அந்த மூன்றாவது பக்கத்தில் விரல் சற்று நின்றது, பிறகு முன்பக்கம் திருப்பி ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். எட்டாவதைத் தொட்டுவிட்டு, அதை மடித்து, என் மடியில் வைத்தாள்.

"எட்டும் வந்திருக்கு அம்மிணி. ஆனா அந்த ஒன்பதையும் பிரிக்காத. அதுல இருக்கற ஒவ்வொரு தையலும் அவ உள்ள இருக்கறப்ப நான் போட்டது, காலால மிஷினை மிதிச்சா அவளும் உள்ள மிதிப்பா. மொட்டையாவே இருக்கட்டும். எடுத்துட்டு வந்து என் மேல போத்து."